உள்ளங்கையில் வைக்கோல்!

வாயைத் திறக்காமல் ஒரு கிரிக்கெட் அணியை நடத்த முடியுமா குட்டீஸ்? யார் பந்து வீச வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் கையசைத்தே சொல்ல வேண்டும். சத்தம் போடக் கூடாது. விளையாடிப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் வெறுத்துவிடும்!

ஆனால், வாய் பேசாமலேயே ஒரு பெரும்படையை நடத்தினார் ஒருவர். அதுவும் பீரங்கிகளோடு வந்த ஆங்கிலேயப் படைக்கு எதிராக! போர்த்திட்டத்தை எப்படி விளக்குவார் தெரியுமா? சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி, இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவார். அதுதான் ஆங்கிலேயப் படை. எப்போது தாக்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை சைகையால் காட்டுவார். பிறகு வலது கையால் அந்த வைக்கோலை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவார். வாயிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அவ்வளவுதான், வீரர்கள் கிளம்பிவிடுவார்கள். முன்னால் போவது யார் என்கிறீர்கள்? அவரேதான்!

அவர்தான் ஊமைத்துரை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி.

இந்த வைக்கோல் கதையை நம்மூர்க்காரர் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர், அவரை எதிர்த்துப் போரிட்ட படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி. 1830ம் ஆண்டு லண்டனில் வெளிவந்த தன் ராணுவ நினைவுகள் புத்தகத்தில் ஊமைத்துரையை அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார். எதிரியே பாராட்டுவது என்றால் சும்மாவா?

தூத்துக்குடியிலிருந்து ஒட்டப்பிடாரம் போகும் பஸ்சில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். (அது கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி., பிறந்த ஊர்.) அங்கிருந்து சில கிலோ மீட்டர் தூரத்தில்தான் பாஞ்சாலங்குறிச்சி. சுற்றிலும் வெயில் காயும் பொட்டல்; ஆங்காங்கே பனைமரம், உடைமரம். ஒரு காலத்தில் இந்த ஊர், பாளையம் ஒன்றின் தலைநகராக இருந்தது.

ஊமைத்துரையின் இயற்பெயர் குமாரசாமி. தந்தை ஜெகவீர கட்டபொம்மன், தாய் ஆறுமுகத்தம்மாள். அண்ணன் வீரபாண்டியன் 1760, ஜனவரி 3ம் தேதி பிறந்து, 1790ல் பாளையக்காரர் ஆனார். குமாரசாமிக்கு சிறு வயதிலிருந்தே பேச்சு வரவில்லை. ஒல்லியான, உயரமான உடல். பார்த்தால் நோயாளி போலத்தான் தெரிவாராம். ஆனாலும், மக்கள் அவரை சாமி என்றே அழைத்தனர். அவர் இல்லாமல் ஆலோசனைக் கூட்டம் நடக்காது. அவர் விரலை அசைத்தால் போதும், சொன்ன வேலை முடிந்துவிடும்.

அண்ணன் கட்டபொம்மனின் கதை உங்களுக்குத் தெரியும். ஆற்காட்டு நவாபுடன் 1792ல் செய்த உடன்படிக்கையால், பாளையங்களில் வரி வசூலிக்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனியை நம் மக்கள் கும்பினி என்றனர். வரிப்பாக்கி விஷயத்தில் கலெக்டர் ஜாக்சன், கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய வைத்து, கடைசியில் 1798, செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்தித்தார். அங்கே கைகலப்பு ஏற்பட்டது. கிளார்க் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார்.

மறு ஆண்டு மே 4ம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரில் இறந்தார். அதுவரை மைசூரில் மாட்டிக்கொண்டிருந்த கும்பினிப் படைக்கு இப்போது தெற்கே திரும்ப நேரம் கிடைத்துவிட்டது. மேஜர் பானர்மேன் 1799, செப்டம்பர் 5ம் தேதி பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதல் பலிக்கவில்லை. ஆனாலும், பெரிய பீரங்கிகள் வந்தால் தாங்காது என்று சகோதரர்கள் கோட்டையை விட்டு வெளியேறினர். புதுக்கோட்டைப் பகுதிக் காட்டில் அவர்கள் பிடிபட்டனர். அக்டோபர் 16ம் தேதி கயத்தாறில், ஒரு புளியமரத்தில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரையையும், சகோதரர் செவத்தையாவையும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

கதை இத்தோடு முடிந்துவிட்டதாகத்தான் கும்பினியார் நினைத்தனர்.

சிறையில் ஒன்றரை ஆண்டு ஓடப் போகிறது. அப்போது பெரியம்மை பரவியது. கைதிகளுக்கும் அம்மை போட்டது. உடம்பெல்லாம் கொப்புளம், அதன் மேல் இரும்பு விலங்கு என்றால் எப்படி இருக்கும்? இரக்கப்பட்டு விலங்குகளைக் கழற்றிவிட்டனர். இதற்காகவே காத்திருந்தது போல, ஆதரவாளர்கள் மாறுவேடத்தில் ஊருக்குள் நுழைந்தனர்.

நாள் 1801, பிப்ரவரி 2. ஆங்கிலேயப் பெரிய மனிதர்கள், சீமாட்டிகள் சுமார் 20 பேர், மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தனர். அந்த நேரம் பார்த்து சிறைக்காவலர்களை மடக்கி, ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு கைதிகள் வெளியேறிவிட்டனர்! அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சி சுமார் 30 மைல். அதாவது ஏறக்குறைய 48 கிலோ மீட்டர். இரவோடு இரவாக அவ்வளவு தூரத்தையும் கடந்தனர். அம்மை கண்ட உடம்போடு!

பிப்ரவரி 9ம் தேதி மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அவர் எதிர்பார்த்தது, இடிந்து கிடக்கும் மண்மேட்டை. கண்ணால் பார்த்ததோ, முழுதாக எழுந்து நிற்கும் கோட்டையை! ஆறே நாளில் ஊர் மக்கள் கூடிக் கட்டிவிட்டனர். மெக்காலே தாக்கவில்லை, பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

ஊமைத்துரையின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. முத்துக்குளிப்புக்குப் பேர்போன தூத்துக்குடியையும் பிடித்தனர். டச்சுக்காரர்களிடமிருந்து 1795ல் கும்பினி பறித்துக்கொண்ட துறைமுகம் அது. அங்கே இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரைக் கைது செய்து, பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு வந்தனர். அவர் மனைவி பின்னாலேயே வந்து முறையிட்டார். உடனே அந்த அதிகாரியை விட்டுவிட்டனர். அவருடைய பொருட்களையும் திருப்பிக் கொடுத்தனர். அண்ணனைத் தூக்கில் போட்டவர்களின் ஆள்தான் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி கொஞ்சம் கணக்குப் போடலாமா?

கோட்டை என்றதும் செஞ்சி, வேலூர் மாதிரி கருங்கல் மதில், அகழி எல்லாம் கற்பனை செய்யாதீர்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முழுக்க முழுக்க மண்! வெல்ஷ் கொடுத்த அளவுகளின்படி, இரண்டு பக்கங்கள் சுமார் 500 அடி. மற்ற இரண்டு பக்கங்கள் சுமார் 300 அடி. உங்கள் பள்ளி மைதானம் பெரியதாக இருந்தால், அதற்குள்ளேயே அடங்கிவிடும். மதிலின் உயரம் ஏறக்குறைய 12 அடி. நெருக்கமாகச் சிறு சிறு கொத்தளங்கள். சுற்றிலும் முள்வேலி. அகழி கிடையாது.

மார்ச் 31ம் தேதி, கும்பினிப்படை பீரங்கியால் மதிலை உடைத்துவிட்டுப் பாய்ந்தது. முன்னணியில் 120 வெள்ளைக்காரச் சிப்பாய்கள். முள்வேலியைத் தாண்டினர், உடைந்த மதில் மேல் ஏறினர். ஒருவரால்கூட உள்ளே இறங்க முடியவில்லை! ஏறியவர்கள் எல்லாம் சரிந்து விழுந்தனர். அந்த 120 பேரில் காயமில்லாமல் திரும்பியவர்கள் 46 பேர்தான். அப்படியானால் மீதி 74 பேர் செத்தவர்கள் அல்லது காயம்பட்டவர்கள். அதிகாரிகள், பீரங்கிப் படையினரையும் சேர்த்தால் வெள்ளையர்களில் மட்டும் 106 பேர். இந்தியச் சிப்பாய்களின் கணக்கு இதில் சேரவில்லை.

இந்த 106 சின்ன எண்ணா, பெரிய எண்ணா? ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். வங்காளத்தில் 1757, ஜூன் 23ம் தேதி நடந்த பிளாசிப் போரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ராபர்ட் கிளைவிடம் சுமார் 3,000 பேர். நவாப் சிராஜ் உத் தவுலாவிடம் சுமார் 50,000 பேர். இந்த எண்களைக் கேட்டதும் கிளைவ் பெரிய சூரர் என்று தோன்றும். நவாபின் படையில் பெரும்பகுதி, மீர் ஜாபரின் துரோகத்தால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்பதை எண்கள் சொல்வதில்லை. அந்தப் போரில் கும்பினி இழந்தது சுமார் 22 உயிர். காயம்பட்டவர் சுமார் 50. இந்தியாவின் தலைவிதியையே மாற்றிய பிளாசியில் மொத்தம் 72 என்றால், பொட்டல் காட்டு மண்கோட்டை முன்னால், ஒரே நாளில், வெள்ளையரில் மட்டும் 106!

எப்படி நடந்தது இது? கோட்டையைப் பிடித்த பிறகுதான் வெல்ஷுக்கு ரகசியம் புரிந்தது. மதிலும் கொத்தளமும் மேலே கால் வைத்து நிற்க முடியாத அளவுக்குக் குறுகலானவை. கொத்தளங்களின் உள்பக்கம் குழிவானது. வீரர்கள் மதில் மேல் நிற்கவில்லை. உள்ளே, கீழே நின்றனர். அவர்கள் கையில் 18 முதல் 20 அடி நீள ஈட்டி! மூன்று ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறி வருபவன் தடுமாறும்போது, கீழிருந்து ஒரே குத்து. ஏறியவனுக்குக் குத்தியது யார் என்றுகூடத் தெரியாது. இன்னொன்று, கல்மதிலில் குண்டு பட்டால் பொலபொலவென்று உதிரும். நன்றாகக் குழைத்துக் கட்டிய கெட்டி மண்ணில் குண்டு போய்ப் புதைந்துகொள்ளும். உடைப்பது லேசு அல்ல.

தோற்ற கும்பினிப்படை கொஞ்ச தூரம் தள்ளிப்போய் முகாம் போட்டு, உதவிக்குக் காத்திருந்தது. ஏறக்குறைய இரண்டு மாதம்! மே மாதக் கடைசியில் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகள், குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். மே 24ம் தேதி மீண்டும் தாக்குதல். இந்த முறை மதில் ஒழுங்காகத் தகர்ந்தது. ஆனாலும், உடைந்த இடத்தில் நின்ற ஈட்டி வீரர்கள் நகரவில்லை. கடைசி ஆள் விழும்வரை அங்கேயே நின்றனர். உள்ளே இருந்த மற்றவர்கள், கோட்டையின் மறுபக்கம் வழியாகத் திரளாக வெளியேறினர். திறந்தவெளியில் அவர்களைக் குதிரைப்படை விரட்டியது.

கோட்டைக்குள் 450 உடல்கள் கிடந்தன என்று வெல்ஷ் எழுதுகிறார். வெளியே செத்தவர்கள்? பெரிய சமவெளியில் சிதறிக் கிடந்தனர் என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

இதைக் கவனியுங்கள். கும்பினியில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் மாதச் சம்பளம். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும். போருக்குப் பிறகு பெயர் கூப்பிட்டால், பதில் வராதவன் யார் என்று உடனே தெரிந்துவிடும். பாளையத்து வீரனுக்குச் சம்பளத்துக்குப் பதில் நிலம். சண்டை வந்தால் வல்லயத்தை எடுத்துக்கொண்டு வருவான்; முடிந்தால் ஏர் பிடிக்கப் போய்விடுவான். பட்டியலும் இல்லை, பெயர் கூப்பிட ஆளும் இல்லை. அதனால்தான் ஒரு பக்கம் 106 என்று ஒற்றை ஆள் பிசகாமல் எண்ணிக்கை வருகிறது. இன்னொரு பக்கம் சிதறிக் கிடந்தனர் என்று வருகிறது. பழைய போர்களின் கணக்கைப் படிக்கும்போது, எண்ணியவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, ஊமைத்துரை என்ன ஆனார்?

தப்பி ஓடும்போது படுகாயம் அடைந்து, பிணங்களுக்கு நடுவே கிடந்தார் அவர். மூன்று மைல் தள்ளியிருந்த கிராமத்திலிருந்து பெண்கள் சிலர், தங்கள் வீட்டு ஆண்களைத் தேடிக்கொண்டு போர்க்களத்துக்கு வந்தனர். அதில் ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்துவிட்டார். உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. தூக்கப் போனால், மகன் தடுத்தான். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயத்தோடு கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள்! மகன் சொன்னபடியே செய்தார். பெண்களாகச் சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டில் படுக்க வைத்துச் சிகிச்சை செய்தனர்.

கும்பினிக்கு உதவியாக வந்திருந்த எட்டயபுரம் படையினர், தப்பியவர்களைத் தேடி அந்த ஊருக்கும் வந்துவிட்டனர். தப்பிக்க வழியே இல்லை. பெண்கள் என்ன செய்தனர் தெரியுமா? ஊமைத்துரையைத் தலை முதல் கால் வரை துணியால் மூடினர். சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தனர். பெரியம்மையில் பையன் போய்விட்டான் என்று சொல்லி அழுதனர். அவ்வளவுதான், பெரியம்மை என்ற பேரைக் கேட்டதும் வந்தவர்கள் ஓட்டம் பிடித்தனர்! சிறையில் விலங்கைக் கழற்றிய அதே அம்மை, இரண்டாம் முறையும் உயிரைக் காப்பாற்றியது.

காயம் ஆறியதும் ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போனார். அங்கே ஆண்ட மருது சகோதரர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டனர். கும்பினிக்கு இது பெரிய தலைவலி. ஒரு பாளையத்தின் சண்டை, தெற்குச் சீமை முழுவதும் பரவிவிட்டது. 1801, ஜூன் 16ம் தேதி, எல்லா மக்களும் ஒன்று சேர்ந்து வெள்ளையரை எதிர்க்க வேண்டும் என்று அழைக்கும் மருதுவின் அறிக்கை, திருச்சிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது. (சின்ன மருது, சண்டைக்கு முன்னால் வெல்ஷுக்கு நண்பர். வளரி எறியவும், ஈட்டி எறியவும் அவருக்குக் கற்றுக் கொடுத்ததே சின்ன மருதுதான்! பிறகு இருவரும் எதிரெதிர் பக்கம் நின்றனர்.)

நான்கு மாதம் காட்டுக்குள் போர். காளையார்கோவில் அக்டோபர் 1ம் தேதி விழுந்தது. மருது சகோதரர்கள் 24ம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஊமைத்துரை மேற்கே திண்டுக்கல் பக்கம் போய், அங்கேயும் ஆட்களைத் திரட்டினார். கடைசியில் வத்தலக்குண்டு அருகே பிடிபட்டார். அவரையும் செவத்தையாவையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு போனார்கள். 1801, நவம்பர் 16ம் தேதி, அவர்கள் ஆறு நாளில் எழுப்பிய கோட்டை இருந்த மண்ணிலேயே அவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

மறு ஆண்டு, பிடிபட்டவர்களில் 73 பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றி, மலேயாவில் உள்ள பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். அதில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. 15 வயது, உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் அண்ணன்களின் வயது! 1818ல் வெல்ஷ் பினாங்கு போனபோது, தளர்ந்துபோன ஒருவர் வந்து முன்னால் நின்றார். யார் என்றே வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் துரைசாமி.

கோட்டையை இடித்ததோடு விடவில்லை கும்பினி. அந்த இடத்தை உழுது போட்டது. ஊரின் பெயரே இருக்கக் கூடாது என்று பதிவேடுகளிலிருந்தும் நீக்கியது. ஆமணக்கு விதைத்தார்கள் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

தமிழக அரசு 1974ல் அங்கே கட்டபொம்மன் நினைவுக் கோட்டை ஒன்றைக் கட்டியது. உள்ளே போர்க்காட்சிகளை ஓவியமாகப் பார்க்கலாம். பழைய கோட்டையின் அடித்தளமும் பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, அங்கே செத்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் உள்ளன. தூத்துக்குடிப் பக்கம் போனால், அப்பா, அம்மாவிடம் சொல்லி இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்!